“நாளைக்கும் வருவீங்களா, மிஸ்?”

கேள்வி: நான் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்துப் பெண், வயது 24. பி.எட். முடித்துவிட்டு, ஒரு தொண்டு அமைப்பு மூலமாக இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மாலை வகுப்பு எடுக்க வந்தேன். மூன்று மாதம் ஓடிவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் ஊர் திரும்புகிறேன். மொத்தம் 19 பிள்ளைகள். அதில் ஆறு வயதுக்காரி ஒருத்தியின் அம்மா குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறார். பிள்ளை தூங்கும்போது கிளம்பிப் போனாராம். பாட்டிதான் வளர்க்கிறார். வகுப்பு முடிந்ததும் அவள் தினமும் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு, “நாளைக்கும் வருவீங்களா, மிஸ்?” என்று கேட்பாள். “கடைசி நாள் வரைக்கும் சொல்லாதே, ரெண்டு நாளில் மறந்துவிடுவார்கள்” என்கிறார் பொறுப்பாளர். எனக்கு ஏழு வயதில் அப்பா கடலில் பிடிபட்டு, இலங்கைச் சிறையில் நான்கு மாதம் இருந்தார். வீட்டில் எல்லோரும் “நாளைக்கு வந்துருவாரு” என்றே சொன்னார்கள். அவர் வந்து நின்றபோது நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இரண்டு நாள் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. பிள்ளைகளிடம் சொல்லாமல் வந்துவிடலாமா?

பதில்: மகளே, சொல்லாமல் வராதே. மற்றதெல்லாம் அப்புறம்.

மறந்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் நினைப்பது புதிதில்லை. 1940களின் கடைசியிலும் 50களிலும் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், தாயைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்த சின்னக் குழந்தைகளைப் பக்கத்தில் இருந்து கவனித்தார். முதலில் அழுகை, பிடிவாதம். பிறகு சோர்ந்து ஒடுங்கிப் போவது. கடைசியில் ஒரு அமைதி. ‘பிள்ளை பழகிவிட்டது’ என்று அங்கே இருந்தவர்கள் நினைத்தது அந்த அமைதியைத்தான். ஆனால் அம்மா வந்து நின்றால் அந்தக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நீ கதவுக்குப் பின்னால் நின்றது எனக்கு அதைத்தான் நினைவுபடுத்துகிறது. அப்பாவை நீ மறக்கவில்லை. ‘நாளைக்கு’ என்ற சொல்லை நம்பி நம்பி அலுத்துப் போயிருந்தாய்.

அந்தச் சிறுமியும் அந்தச் சொல்லைத்தான் கேட்கிறாள், கவனித்தாயா? ஒருமுறை கண் விழித்துப் பார்த்தபோது அம்மா இல்லை. அதனால்தான் தினமும் துப்பட்டாவைப் பிடித்து உறுதி செய்துகொள்கிறாள். நீயும் சொல்லாமல் கிளம்பினால் அவளுக்கு இது இரண்டாவது முறை.

யாரிடம் முதலில் சொல்வது? பாட்டிகளிடம். நீ கிளம்பிய மறுநாள் சாயங்காலம் பிள்ளைகளோடு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கப் போவது அவர்கள்தான். பிரிவு என்றால் என்ன என்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964இல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையக மக்கள், அதாவது இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்கள், தலைமன்னார் வரை ரயிலிலும், அங்கிருந்து கப்பலில் நம் ராமேஸ்வரத்துக்கும் வந்தார்கள். மண்டபம் முகாமில் தங்கி, பிறகு ஊர் ஊராகப் பிரிந்து போனார்கள். அந்த ரயிலுக்கு மலையகத்தில் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர். நீ தினமும் பார்க்கிற பாட்டிகளில் யாராவது சின்ன வயதில் அந்த ரயிலடியில் நின்றிருக்கலாம். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லு.

அப்புறம் பிள்ளைகள். பெரிய பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் முன்னால் சொல்வார்கள், சின்னவர்களுக்கு ஒரு வாரம் போதும் என்பார்கள். ஆனால் ஒரே லயத்தில் பெரிய பிள்ளைக்குத் தெரிந்தது சின்னதுக்கு அன்று ராத்திரியே தெரிந்துவிடும். அதனால் எல்லோருக்கும் ஒரே நாளில் சொல்லு. அந்தச் சிறுமிக்கு மட்டும் கொஞ்சம் முன்னால், பாட்டி மடியில் இருக்கும்போது, தனியாகச் சொல்லு. ஆறு வயதுக்கு ‘ரெண்டு வாரம்’ என்றால் பிடிபடாது. நம் வீடுகளில் தொங்குமே, தினசரி தாள் கிழிக்கிற காலண்டர், அது மாதிரி 14 தாளை ஆணியில் குத்தி மாட்டு. தினமும் ஒரு பிள்ளை ஒரு தாளைக் கிழிக்கட்டும். நாள் குறைவது கைக்குத் தெரியும்.

சொல்லும்போது ஒரு வார்த்தையில் கவனமாக இரு. நம் ஊரில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லமாட்டோம். ‘போயிட்டு வர்றேன்’ என்போம். பெரியவர்களுக்கு அது மரியாதை. காத்திருக்கிற பிள்ளைக்கு அது வாக்குறுதி. “போயிட்டு வர்றேன்னு சொல்றது நம்ம வழக்கம், ஆனா மிஸ் திரும்பப் பாடம் எடுக்க வரமாட்டேன்” என்று விளக்கமாகவே சொல்லிவிடு. “பக்கத்துலதான் இருக்கேன்” என்றும் சொல்லாதே. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், நமக்கு அது பக்கத்து வீடு மாதிரி. ஆனால் நீயே மதுரை, கொழும்பு என்று விமானத்தில் சுற்றித்தானே போயிருப்பாய்? தினமும் போன் பண்ணுகிறேன் என்பதும் வேண்டாம். ஊர் வந்து சேர்ந்ததும் வகுப்புக்கு ஒரு கடிதம் போடுகிறேன் என்று சொல்லு. சொன்னால் கட்டாயம் போடு.

பொறுப்பாளரிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசு. உனக்குப் பிறகு வகுப்பு யாருடையது? அடுத்து வருகிறவர் கடைசி வாரம் உன் பக்கத்தில் உட்காரட்டும். முடிந்தவரை தோட்டத்திலேயே இருக்கிற ஓர் அக்காவாகப் பாருங்கள் என்று கேள். மூன்று மாதத்துக்கு ஒரு முகம் மாறுவது பிள்ளைகளுக்கு நல்லதில்லை. காப்பகங்களில் இது இன்னும் மோசம். அங்கே தன்னார்வலர்களை அனுப்பும் திட்டங்களால் வரும் கேடுகளைத் தடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையே 2019இல் தீர்மானம் போட்டது. உன் மனசு நல்ல மனசுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஏற்பாடும் நல்லதாக இருக்க வேண்டும்.

பரிசு கொடுத்தால் 19 பேருக்கும் ஒரே மாதிரி கொடு. அதைவிட, ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத் தாளில், அவர்களைப் பற்றி நீ மட்டுமே கவனித்த ஒன்றை எழுதிக் கொடு. யார் ‘ழ’வை அழகாகச் சுழிக்கிறான், யார் தம்பிக்குப் பென்சில் சீவிக் கொடுக்கிறாள் என்று. கடைசி நாளும் வழக்கம்போல் பாடம் நடக்கட்டும். உனக்கு அழுகை வந்தால் வரட்டும், ஆனால் பிள்ளைகள் உன்னைத் தேற்றும்படி ஆகிவிடக் கூடாது.

வகுப்பு முடிந்து அவள் வருவாள், துப்பட்டாவைப் பிடிப்பாள், அதையே கேட்பாள். அவள் உயரத்துக்கு உட்கார்ந்து, “இல்லடா, நாளைக்கு வரமாட்டேன். நாளைக்கு அக்கா வருவாங்க” என்று சொல்லு. அவள் கையை நீயாக விலக்காதே. அவளாக விடுகிற வரைக்கும் உட்கார்ந்திரு.

ஊருக்கு வந்த பிறகு ஒருநாள், அப்பா சும்மா இருக்கிற நேரமாகப் பார்த்து, கதவுக்குப் பின்னால் ஏன் நின்றாய் என்று அவரிடம் சொல்லு. அந்த இரண்டு நாளை அவரும் மறந்திருக்க மாட்டார்.