அந்தக் குளத்துக்கு எத்தனை தடவை போனார்?

கேள்வி: பிரிட்டிஷ் நிலக்காட்சிப் படக்காரர்களைப் பாருங்கள் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். அங்கே இமயமலை மாதிரி சிகரமும் இல்லை, பாலைவனமும் இல்லை. புல், சாம்பல் வானம், ஒரு கல்சுவர், அவ்வளவுதான். அதையும் இன்று போட்டோஷாப்பில் ஸ்லைடரை இழுத்து யாரும் கொண்டுவந்துவிடலாம். அப்படி என்னதான் இருக்கிறது? யாரைப் பார்ப்பது? ஒரே ஒரு புத்தகம் வாங்கினால் எது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஸ்லைடர் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். வெறும் வானத்தில் மேகம் சேர்ப்பது போட்டோஷாப்போடு வந்த வித்தை இல்லை. 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த ராணுவ அதிகாரி லின்னேயஸ் ட்ரைப், தன் காகித நெகட்டிவ்களில் கையால் மேகம் தீட்டியதுண்டு. அன்றைய ரசாயனம் நீல ஒளிக்கே அதிகம் மசியும் என்பதால் வானம் வெள்ளைத் தாளாகத்தான் விழும். அவருக்கு வேறு வழியில்லை. நமக்கு அந்தக் கட்டாயம் போய்விட்டது. பிரிட்டிஷ் நிலக்காட்சிப் படக்காரர் சார்லி வெய்ட் 2007-இல் தொடங்கிய ‘லேண்ட்ஸ்கேப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்’ போட்டியில், 2012-இல் முதல் பரிசு வாங்கிய படம் விதியை மீறித் திருத்தப்பட்டது என்று தெரிந்ததும் பரிசையே ரத்து செய்தார்கள். அந்த மண்ணில் படமெடுப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அது போதும்.

சாம்பல் வானம் ஒரு குறை என்று நினைக்கிறீர்கள். டிசம்பர் 21 அன்று நண்பகலில் லண்டனில் சூரியன் 15 டிகிரி உயரத்தில் நிற்கும். உங்கள் ஊரில் அதே நாளில் 58 டிகிரி. அங்கே குளிர்காலம் முழுக்க ஒளி சாய்ந்தே வரும்; மேகம் மூடினால் நிழலே இல்லாமல் எல்லா இடத்திலும் சமமாகப் பரவும். சாய்ந்த ஒளியில் நிலத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். மிரட்டும் சிகரம் இல்லாததால், எடுப்பவர் நிலத்தைப் பற்றி ஏதாவது யோசித்தே ஆக வேண்டும். நான் அவர்களைத் திரும்பத் திரும்பப் பரிந்துரைப்பதற்கு இதுதான் காரணம்.

ஃபே காட்வினில் தொடங்குங்கள். 1931-இல் பெர்லினில் பிறந்து, இங்கிலாந்தில் வாழ்ந்து, 2005-இல் மறைந்தவர். யாரிடமும் முறையாகப் படித்தவர் இல்லை. நீங்கள் ‘ஒரு கல்சுவர்’ என்று ஒதுக்கிவிட்டீர்களே, அந்தச் சுவர் யாருடையது, அதன் எந்தப் பக்கம் நடக்க உனக்கு உரிமை உண்டு என்று கேட்டவர் அவர். கவிஞர் டெட் ஹியூஸோடு சேர்ந்து 1979-இல் யார்க்ஷயரின் கால்டர் பள்ளத்தாக்கைப் பற்றிய புத்தகம்; 1985-இல் ‘லேண்ட்’; 1990-இல் ‘அவர் ஃபர்பிடன் லேண்ட்’. கடைசிப் புத்தகத்தில் முள்கம்பியும் ‘உள்ளே வராதே’ பலகையும்தான் நாயகர்கள். 1987 முதல் 1990 வரை நடைப்பயணிகள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். திறந்தவெளியில் கால்நடையாகப் போகும் உரிமை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டமானது 2000-இல். அந்தப் போராட்டத்தில் அவர் படங்களுக்கும் பங்கு உண்டு.

அடுத்து ஜான் டேவிஸ். 1983-இல் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் அவர் எடுத்த ஏஜ்கிராஃப்ட் மின்நிலையப் படத்தை மட்டும் அரை மணி நேரம் பாருங்கள். பின்னால் நான்கு பிரம்மாண்டமான குளிர்விப்புக் கோபுரங்கள். நடுவில் மைதானம், எறும்பு அளவில் ஆட்கள் கால்பந்து ஆடுகிறார்கள். கிட்டத்தில் பாழடைந்த கார்கள், ஒரு குதிரை. இவ்வளவும் ஒன்றையொன்று மறைக்காமல் எப்படி நிற்கின்றன? உயரமான இடத்திலிருந்து எடுத்ததால். கண் மட்டத்தில் நின்றிருந்தால் கார்கள் மைதானத்தையே மறைத்திருக்கும். நீங்களும் ஒரு பாலமோ மொட்டைமாடியோ தேடி, கேமராவைச் சாய்க்காமல் மட்டமாக வைத்து எடுத்துப் பாருங்கள். கீழ்நோக்கிச் சாய்த்தால் கட்டடங்களின் செங்குத்துக் கோடுகள் கீழே குவிந்துவிடும். படத்தின் நிதானமும் அங்கேயே போய்விடும்.

மூன்றாவது ஆள்தான் எனக்கு மிக முக்கியமானவர்: ஜெம் சவுதம். தென்மேற்கு இங்கிலாந்தில் எக்ஸிடர் பக்கம் அப்டன் பைன் என்ற ஊரில் ஒரு குளம். பழைய மாங்கனீசு சுரங்கக் குழியில் தண்ணீர் நின்று உண்டானது. 1996 முதல் 2002 வரை அந்த ஒரு குளத்துக்கே திரும்பத் திரும்பப் போனார். குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை ஊர்க்காரர் ஒருவர் சீராக்க ஆரம்பிக்கிறார். அப்புறம் அது இன்னொருவர் கைக்கு மாறுகிறது. கரையின் முகமே மாறுகிறது. சவுதமின் கேமரா 8x10 அங்குல நெகட்டிவ் போடும் பெரிய பெட்டி. பெரிதாக்காமல் நெகட்டிவ் அளவிலேயே அச்சிடுவதால் சுள்ளி சுள்ளியாக எண்ணலாம். பெரும்பாலும் மங்கலான ஒளியிலேயே எடுப்பார். வெயிலில் எடுத்தால் இரண்டு படங்களுக்கு நடுவே மாறியது கரையா, நிழலா என்று சொல்ல முடியாது.

இதைச் செய்துபார்க்க 8x10 கேமரா தேவையில்லை. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு குட்டையோ கண்மாய்க் கரையோ போதும். ஒரே லென்ஸ், ட்ரைபாட் உயரம் எப்போதும் 150 செ.மீ., நிறச் சமனைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் மாதத்துக்கு ஒரு நிறம் வரும். முதல் படத்தின் அச்சைக் கையில் கொண்டுபோய், அருகிலுள்ள ஒரு கம்பமும் தூரத்து மரமும் படத்தில் எப்படி ஒட்டி நிற்கின்றனவோ அப்படியே மறுபடி நிற்கும்வரை காலை நகர்த்துங்கள். படத்தின் ஓரத்தை மட்டும் வைத்துப் பொருத்தினால் இரண்டடி தள்ளி நிற்பீர்கள். வரிசையாக அடுக்கும்போதுதான் அது தெரியும்.

ஜான் பிளேக்மோர் வேறு வகை. காற்றை எப்படிப் படமெடுப்பது என்பது அவர் கேள்வி. ஒரே ஃபிலிம் தாளில் பல தடவை ஷட்டரைத் திறந்தார்: அடிமரமும் கல்லும் அசையாமல் கூர்மையாக நிற்க, இலைகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து புகையாகும். ஒரே நீண்ட எக்ஸ்போஷரில் வெறும் மங்கலான தீற்றல்தான் கிடைக்கும். இதில் ஒவ்வொரு இலையின் சுவடும் மெல்லிசாக நிற்கும். ஒளியை அளக்கும் மீட்டர் 1 நொடி காட்டினால், 1/15 நொடியில் 16 தடவை. இன்றைய கேமராவில் மல்டிபிள் எக்ஸ்போஷரை ‘ஆவரேஜ்’ முறையில் வைத்தால் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். ‘அடிட்டிவ்’ முறையில் வைத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் முழு 1 நொடி கொடுத்தால் 4 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரு மடங்கு) கூடிப் படம் வெளுத்துவிடும். பெரும்பாலோர் கெடுப்பது இங்கேதான். இரண்டாவது, அதே காற்று ட்ரைபாடையும் ஆட்டும். அதன் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள்.

வண்ணத்தில் ஜோ கார்னிஷ். மரத்தில் செய்த 4x5 அங்குல கேமராவும் 1990-இல் வந்த வெல்வியா ஸ்லைடு ஃபிலிமுமாக வளர்ந்தவர். வெல்வியா தாங்கும் வெளிச்ச வித்தியாசம் ஏறக்குறைய 5 ஸ்டாப்தான். விடியலில் வானம் தரையைவிட 3 ஸ்டாப் கூடுதலாக இருந்தால், மேல்பாதி மட்டும் இருண்ட 0.6 கிராஜுவேட்டட் ஃபில்டர் 2 ஸ்டாப்பைக் குறைத்து, வானத்தைக் கொஞ்சம் பிரகாசமாகவே விட்டுவைக்கும், அதுதான் இயல்பு. 0.9 போட்டு முழு 3 ஸ்டாப்பையும் தின்றால், தண்ணீரில் விழும் பிம்பம் வானத்தைவிட வெளிச்சமாகிப் படம் பொய் சொல்லும். கிட்டத்துப் பாறையும் தூரத்து மலையும் ஒருசேரக் கூர்மையாக இருக்க, அவர் லென்ஸையே சில டிகிரி முன்னே சாய்ப்பார். உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ், எஃப்/11, ஃபோகஸ் 1.75 மீட்டர் என்று வையுங்கள், 90 செ.மீ.யிலிருந்து அடிவானம்வரை சரியாக இருக்கும். மலையில் ஃபோகஸ் வைத்தால் முன்பாறை மங்கும். லென்ஸ் துளையை இன்னும் சுருக்கி எஃப்/22-க்கு ஓடினால், சிறு துளையில் ஒளி வளைந்து சிதறும் டிஃப்ராக்ஷனால் மொத்தப் படமும் மழுங்கும்.

மைக்கேல் கென்னாவைக் கடைசியில் பாருங்கள். இரவில் 10 மணி நேரம்வரை ஷட்டரைத் திறந்து வைத்தவர், ஏறக்குறைய 20 செ.மீ. சதுரத்தில்தான் அச்சிடுவார், கிட்டே போகாமல் பார்க்க முடியாது. 1980-களிலிருந்து அவர் எடுத்த ராட்கிளிஃப் நிலக்கரி மின்நிலையம், பிரிட்டனிலேயே கடைசியாக 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அவரைப் போலி செய்வது மிகச் சுலபம். ஒளியைப் பெருமளவு தடுக்கும் 10 ஸ்டாப் ஃபில்டர் ஒன்றை மாட்டினால் 1/30 நொடி 34 நொடியாகிவிடும், தண்ணீர் பாலாகிவிடும். அதனாலேயே முதலில் அவரிடம் போனவர்கள் அந்த ஃபில்டரோடு நின்றுபோகிறார்கள்.

இன்னும் இருவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஸ்காட்லாந்து மலைகளின் அகலப் படங்களுக்குக் காலின் பிரையர், புயல் அலைக்கு ரேச்சல் டாலிபார்ட். இன்க்ரிட் பொலார்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். கயானாவில் பிறந்த அவர், 1980-களின் கடைசியில் வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட் பசுமைக்குள் கறுப்பின மக்களை நிறுத்தி எடுத்த வரிசை, காட்வின் கேட்ட கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்கிறது: இந்த நிலம் யாரை வரவேற்கிறது?

ஒரே புத்தகம் என்றால் காட்வினின் ‘லேண்ட்’. பழைய பிரதியாகத்தான் கிடைக்கும். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, உள்தாளில் ஈரக்கறை இருந்தால் வாங்காதீர்கள், ஏனென்றால் இந்தப் படங்களின் உயிர் நடுச்சாம்பல் நிறங்களில் இருக்கிறது. டியூப்லைட்டில் பார்க்காமல், பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். செல்போன் திரையில் பார்த்துவிட்டு ‘புல்லும் வானமும்’ என்று தயவுசெய்து மறுபடி எழுதாதீர்கள். லண்டனுக்குப் போகிற வாய்ப்புள்ளவர்களுக்கு: அவருடைய காப்பகம் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது.