மேப்பிள் சாறு இறக்க எந்தக் குழாய் வாங்குவது, எப்படிக் கழுவுவது?

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் சரிவான நிலத்தில் மேப்பிள் மரங்கள் இருக்கின்றன, 5/16 அங்குலக் குழாயா, 3/16-ஆ என்று கேட்டிருந்தீர்கள். நல்ல சரிவு இருந்து, பம்ப் இல்லையென்றால் 3/16 தான் என் தேர்வு. மெல்லிய குழாயில் சாறு இடைவெளியில்லாமல் நிறைந்து இறங்கும். அந்த எடையே மேலே வெற்றிடத்தை உண்டாக்கி மரத்திலிருந்து சாற்றை இழுக்கும். சமதளம் என்றால் 5/16 போதும். எதுவானாலும் உணவுத்தரக் குழாயாகப் பாருங்கள்.

மெல்லிய குழாயின் தொல்லை அடைப்பு. இணைப்புகளுக்குள் பாசி போல வழுவழுவென்று படியும். சீசன் முடிந்ததும் முனைகளை மரத்திலிருந்து கழற்றி, உடனே கழுவுங்கள். காய்ந்துவிட்டால் எடுப்பது கஷ்டம். சோடியம் ப்ளீச் (வீட்டில் துணி வெளுக்கும் திரவம்) வேண்டாம். அதன் உப்பு ருசிக்கு அணில்கள் குழாயைக் கடித்துக் குதறிவிடும். கால்சியம் ஹைப்போகுளோரைட் (சோடியம் இல்லாத குளோரின் கிருமிநாசினி) கரைசல் பரவாயில்லை. கழுவியபின் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். அப்புறம், மரத்தில் செருகும் முனைகளை வருடாவருடம் மாற்றுங்கள். பழைய முனையிலுள்ள கிருமி துளைக்குள் போனால் சாறு சீக்கிரமே நின்றுவிடும்.