த்ரில்லர் குறும்படத்துக்குத் தயாராகிறோம். நண்பர்களிடம் கதையைக் காட்டினால் "நல்லா இருக்கு" என்பதோடு முடிந்துவிடுகிறது. உருப்படியான கருத்தை எப்படி வாங்குவது?

எங்களுக்கும் முதலில் இதே பதில்தான் கிடைத்தது. குறை நண்பர்களிடம் இல்லை, நாங்கள் கேட்ட கேள்வியில் இருந்தது. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? த்ரில்லருக்குக் கேட்க வேண்டியவை வேறு. இந்த இடத்தில் உனக்கு என்ன தெரியும்? யார் மேல் சந்தேகம்? அடுத்து என்ன ஆகுமோ என்று பயப்படுகிறாய்?

இதற்குக் கதை தெரியாதவர்கள் வேண்டும். நாங்கள் வகுப்பு முழுக்க முடிவைச் சொல்லிவிட்டிருந்தோம், அதனால் ஜூனியர்களைத்தான் தேடிப் பிடித்தோம். ஒருவர் ஒரே ஒரு முறைதான் புதிய பார்வையாளர். இரண்டு பேரையாவது கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள்.

எங்களுடையது ஐந்து நிமிடப் படம். தனியாக வசிக்கும் பெண் வீடு திரும்புகிறாள். மேசையில் ஈரம் காயாத இன்னொரு டம்ளர் இருக்கிறது. திரைக்கதையைப் பக்கம் பக்கமாகக் கொடுத்து, ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிறுத்தி அந்த மூன்று கேள்விகளைக் கேட்டோம். ஐந்து பேரில் மூன்று பேருக்கு டம்ளர் கண்ணிலேயே படவில்லை. ஒரு பெண் பையை வைத்துவிட்டு விளக்கைப் போடுகிறாள், அவ்வளவுதான் அவர்களுக்கு. மேசைக்கு அடியில் குண்டு இருப்பதை முதலிலேயே காட்டிவிட்டால் சாதாரணப் பேச்சுகூட நம்மைப் பதறவைக்கும் என்று த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கியிருக்கிறார். எங்கள் கதையின் குண்டு அந்த டம்ளர்தான், அதையே பார்ப்பவரிடமிருந்து மறைத்திருந்தோம். டம்ளருக்குத் தனியாக ஒரு குளோசப் வைத்து, அவள் மட்டும் அதைப் பார்க்காமல் கடந்து போவதாக மாற்றினோம்.

குற்றவாளியை நாலு பேர் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். "அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கதையில வேற வேலையே இல்லையே" என்றார் ஒருவர். அருமையான கருத்து அது. கரண்ட் போனதும் ஃபியூஸைப் பார்க்க வருபவராக அவரை மாற்றி எழுதினோம்.

அவர்கள் பேசும்போது விளக்கம் சொல்லாதீர்கள். "அங்கதான் டம்ளர் இருந்துச்சே" என்று வாய் வரை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். திரையில் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து விளக்க முடியாது அல்லவா?

அப்புறம், ஸ்டோரிபோர்டுப் படங்களை (ஷாட் ஷாட்டாக வரைந்து வைத்த காட்சிகள்) போனில் எடுத்து, எடிட்டிங் ஆப்பில் ஒவ்வொன்றுக்கும் நேரம் கொடுத்து அடுக்குங்கள். காலடி, கதவுச் சத்தம் மட்டும் சேர்த்தால் போதும். திரைக்கதையின் ஒரு பக்கத்துக்குத் திரையில் ஒரு நிமிடம் என்ற பொதுக் கணக்கு வசனமில்லாத காட்சிகளுக்குச் சரிவராது. "இருட்டில் மாடி ஏறுகிறாள்" என்ற ஒற்றை வரி எங்களுக்கு அரை நிமிடம் ஓடியது.

ஒதுக்கி வைத்த இருவருக்கு இதைத்தான் காட்டினோம். திரையை விட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடிப்படி வந்ததும் ஒருவர் கை போனுக்குப் போனது. முடிந்ததும் அவர், "அங்க ஒரு பேய் வந்தா நல்லா இருக்கும்" என்றார். பேயைச் சேர்க்கவில்லை. மாடிப்படியைப் பன்னிரண்டு நொடியாகக் குறைத்துவிட்டு, ஷூட்டிங்குக்குத் தேதி குறித்தோம்.