கல்முனையில் வாப்பாவின் கால் எலும்பைப் பிடிக்க வைத்த உலோக பிளேட்டில் சீழ். ஏன் ரிஃபாம்பிசின், லெவோஃப்ளொக்சசின் என்று இரண்டு அண்டிபயோட்டிக்?

பிளேட்டில் ஸ்டெஃபிலோகொக்கஸ் கிருமி பிசுபிசுவென்று படலம் கட்டி, உள்ளே பெருகாமல் கிடக்கும். பெருகும் கிருமியைக் கொல்லும் மருந்துகள் அங்கே சரியாக எடுபடா, ரிஃபாம்பிசின் எடுபடும். ஆனால் தனியே கொடுத்தால் ஒரேயொரு மரபணு மாற்றத்தால் சில நாட்களிலேயே எதிர்ப்பு வந்துவிடும். அதற்குக் காவல்தான் லெவோஃப்ளொக்சசின், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் அது இரண்டுக்கும் கட்டுப்பட்டால். வயிறு புரட்டுகிறதென்று லெவோவை மட்டும் நிறுத்துவதுதான் பெரிய பிழை.

ரிஃபாம்பிசினுக்குமுன் சத்திரசிகிச்சையில் சீழையும் செத்த தசையையும் எடுத்துக் கழுவ வேண்டும். காயம் வடியும்போதே அவசரப்பட்டு ரிஃபாம்பிசின் தொடங்கக் கூடாது, வடிவது நின்றபின்தான். பிளேட்டை விட்டுவைத்தால் வழக்கமாக 12 வாரம் மருந்து.

சிறுநீர் செம்மஞ்சளாகும், சாறனிலும் கறை படலாம், பயமில்லை. கண் மஞ்சளித்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் மட்டக்களப்புக்கோ அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கோ போங்கள். வார்ஃபரின் (இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து), சீனி வருத்தக் குளிசை போடுபவரென்றால் டொக்டரிடம் முன்பே சொல்லுங்கள். ரிஃபாம்பிசின் அவற்றின் வேலையைக் குறைக்கும்.