ரோபோவை முழுசா மாடல் பண்ணிட்டுத்தான் செய்யணுமா?

கேள்வி: காலேஜ் ரோபோ டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மூன்று வாரமாக சாலிட்வொர்க்ஸில் (பாகங்களைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரையும் மென்பொருள்) மாடல் மட்டும் போடச் சொல்கிறார்கள். நேராகப் பட்டறையில் இறங்கிச் செய்தால் என்ன? இந்தப் படம் வரைகிற வேலை அவ்வளவு அவசியமா?

"படம் வரைகிற வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு வருடம் என் காதில் விழுந்த சொல் அது.

மாடல் அவசியம். ஆனால் மூன்று வாரமாகப் பட்டறை வாசலை மிதிக்காமல் மாடல் போடுகிறீர்கள் என்றால் அதுவும் தப்பு. இரண்டையும் பட்டுத்தான் சொல்கிறேன்.

நான் காங்கேயத்துப் பக்கம். கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி மெக்கானிக்கல் படித்தேன். மூன்றாம் வருடம் எங்கள் டீம் ஒரு மாநில அளவுப் போட்டிக்குப் போனது. ரோபோ 25 கிலோவைத் தாண்டக் கூடாது. டிசைன் முழுக்க என் பொறுப்பு.

முதல் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் போனேன். மோட்டார் உட்காரும் பள்ளத்தை நாலு மூலையும் கூர்மையாக வரைந்திருந்தேன். அவர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கட்டர் உருண்டையாத்தான இருக்குது அம்மிணி, அது எப்படிச் சதுர மூலைய வெட்டும்?" என்றார். சுழலும் கட்டரால் உலோகத்தை வெட்டும் மில்லிங் பற்றிப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். ஆனாலும் அந்த மூலை எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து ஒரு பாகத்தை வரையும் முன், இதை எந்தப் பக்கம் பிடிப்பார்கள், எது உள்ளே போய் வெட்டும், போல்ட்டை முடுக்கும் ஆறுமுகச் சாவியான ஆலன் கீ நுழையுமா என்று பார்த்துவிட்டுத்தான் வரைவேன்.

பெரிய அடி எடையில் விழுந்தது. மாடலில் மொத்தம் 18 கிலோ சொச்சம் காட்டியது. 7 கிலோ கையில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் தாராளமாகப் போட்டேன். 500-க்கு 400 அளவில் அடித்தகடு, 6 மி.மீ. தடிமன் அலுமினியம். 20 மி.மீ. விட்டத்தில் எஃகு ஷாஃப்ட் (சுழலும் தண்டு) இரண்டு. போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பசங்க ரோபோவைப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றினார்கள். 27.4 கிலோ.

"சாலிட்வொர்க்ஸ் பொய் சொல்லிருச்சு" என்றான் ஒருவன். "படம் போட்டு நேரத்த வீணாக்குனதுதான் மிச்சம்" என்றான் இன்னொருவன்.

மென்பொருள் பொய் சொல்லவில்லை. மோட்டாருக்கும் பேட்டரிக்கும் எடையைக் கையால் கொடுத்திருந்தேன். நானே வரைந்த பாகங்களுக்கு மெட்டீரியல் கொடுக்க மறந்துவிட்டேன். மெட்டீரியல் கொடுக்காத பாகத்தை சாலிட்வொர்க்ஸ் தண்ணீர் மாதிரி, கன சென்டிமீட்டருக்கு 1 கிராம் என்று கணக்குப் போடும். அலுமினியம் 2.7. எஃகு 7.85. அந்தத் தகட்டை 1.2 கிலோ என்று நம்பியிருந்தேன், நிஜத்தில் 3.24 கிலோ. 400 மி.மீ. நீள ஷாஃப்ட் ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குப் பக்கம், மாடலில் 125 கிராம். போதாக்குறைக்கு வயரையும் போல்ட்டையும் நான் மாடலில் சேர்க்கவே இல்லை.

தப்பு என்னுடையதுதான். ஆனால் காப்பாற்றியதும் அதே மாடல்தான். அன்று ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்துக்கும் மெட்டீரியல் கொடுத்தேன். எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று வரிசையாகத் தெரிந்தது. தகட்டுக்கு அடியில் சதுரக் குழாய்ச் சட்டம் இருந்ததால் 3 மி.மீ. தாராளமாகத் தாங்கும். துளைகள் எல்லாம் அதே இடம், லேசர் கட்டிங் கடைக்குப் பழைய கோப்பே போதும். அதிலேயே 1.62 கிலோ குறைந்தது. ஷாஃப்டைப் பற்றிக் கேட்டதற்குப் பட்டறை அண்ணன், "இருவது எதுக்கு அம்மிணி, பதினஞ்சே தாங்கும். அதுக்குச் சேர்ற 6202 பேரிங் எந்தக் கடையிலயும் கெடைக்கும், பழைய ஹவுசிங்குக்கு புஷ் கடைஞ்சு போட்டுக்கலாம்" என்றார். ஹவுசிங் என்பது பேரிங் உட்காரும் கூடு, புஷ் என்பது இடைவெளியை நிரப்பும் வளையம். மாடலில் மாற்றிப் பார்த்தேன், இரண்டுக்கும் சேர்த்து 860 கிராம் மிச்சம். மாடல் இல்லாமல் கையால் கட்டியிருந்தால் அந்த ஒன்பது நாளில் எதை அறுப்பது என்றே தெரிந்திருக்காது.

போட்டித் தராசில் 24.9.

"நாங்க அட்டையும் பிளைவுட்டும் வெட்டியே ஜெயிச்சோம்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். அதை நான் மறுக்கவில்லை. நம்ம ஊர் ஏழு கல் விளையாட்டு இருக்கிறதே, அதே லகோரிதான் 2022-இல் டெல்லியில் நடந்த ஏபியு ரோபோகான் என்ற ஆசிய-பசிபிக் கல்லூரி ரோபோ போட்டியின் ஆட்டம். அடுக்கைப் பந்தால் கலைத்துவிட்டுத் திரும்ப அடுக்க வேண்டும். அந்த மாதிரி பிடித்துத் தூக்கும் கையை முதலில் அட்டையில் செய்து பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். அது சரியாகப் பிடித்தபின் அளவெடுத்து மாடலுக்குள் கொண்டுபோங்கள். நான் இப்போது ஒரு பம்பு கம்பெனியில் டிசைனில் இருப்பதால் ஒருதலையாகப் பேசுகிறேன் என்றும் சிலர் சொல்லலாம், சொல்லட்டும்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டிசைன் ஏன் என் பொறுப்பாக வந்தது தெரியுமா? எங்கள் பெண்கள் ஹாஸ்டல் கேட் மாலை 6.30-க்கு மூடிவிடும். பையன்கள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஒர்க்ஷாப்பில் இருக்கலாம். லேப்டாப்பில் செய்கிற வேலை மட்டும்தான் எனக்கு மிச்சம். அப்பா ஊரிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார். "பாதுகாப்பு" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் வரைந்த கை முதல் முறை பந்தைத் தூக்கியதை வாட்ஸ்அப் வீடியோவில்தான் பார்த்தேன். பின்னால் பையன்கள் கத்துகிற சத்தம் கேட்டது. நான் ஹாஸ்டல் வராண்டாவில் தனியாக நின்றிருந்தேன். அந்த ரோபோவின் ஒவ்வொரு போல்ட்டுக்கும் துளை போட்டவள் நான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் டீமிலும் அப்படி ஒரு பெண் இருந்தால், மாலையில் பாகங்களைப் பொருத்தும் வேலையில் ஒன்றையாவது மதியத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

சரி, நீங்கள் நாளைக்குச் செய்ய வேண்டியது இதுதான். ஒரு வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு, வாங்கி வைத்திருக்கும் மோட்டார், குழாய், பேரிங் எல்லாவற்றையும் அளந்து மாடலோடு ஒப்பிடுங்கள். அப்புறம் மெட்டீரியல் கொடுக்காத பாகம் எத்தனை என்று எண்ணுங்கள். ஃப்யூஷன் என்ற இன்னொரு மென்பொருளில் போடுகிறீர்கள் என்றால் அது தானாக எஃகு என்று எடுத்துக்கொள்ளும், அங்கே எடை கூடுதலாகக் காட்டும். ஒவ்வொரு பாகமும் செய்து வந்ததும் தராசில் வைத்து, மாடல் எடைக்குப் பக்கத்தில் நிஜ எடையை எழுதி வையுங்கள்.