கோத்தகிரி வீட்டில் ஆறு பேர் ஆடும் பலகை விளையாட்டை நேரலையில் காட்ட என்ன மைக், என்ன கேமரா வேண்டும்?

கேமராவை அப்புறம் பார்க்கலாம், முதலில் சத்தம். படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பார்கள். பேச்சு புரியாவிட்டால் போய்விடுவார்கள். உங்களுடையது தகரக் கூரை என்கிறீர்கள். ஐப்பசி மழை அதில் இறங்கினால், மேசை நடுவில் வைத்த ஒற்றை மைக்குக்கு மழைதான் ஏழாவது ஆட்டக்காரர். குன்னூரில் நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். பகடை உருண்டது இடி மாதிரி கேட்டது, ஆள் பேசியது கேட்கவில்லை.

ஆளுக்கொரு காலர் மைக் குத்துங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும்; மழைச் சத்தம் அதே அளவில்தான் நிற்கும். மைக் ஸ்வெட்டருக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே போனால் கம்பளி உரசல்தான் வரும். எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று ஊசி முனை உள்ளதாக வாங்கி, ஆறு மைக் உள்ளீடு கொண்ட யுஎஸ்பி மிக்சரில் சேருங்கள்; அது எல்லாக் குரலையும் கலந்து லேப்டாப்புக்கு அனுப்பும். மிக்சர் கேபிள் வழியே மைக்குக்குத் தரும் மின்சாரமான 48 வோல்ட் ஃபாண்டம் பவரைப் போட மறக்காதீர்கள். பகடை உருட்ட ஒரு தட்டு, அதில் பழைய சால்வைத் துண்டு. இதற்குக் காசே வேண்டாம்!

சரி, கேமரா. பலகைக்கு நேர் மேலே ஒன்று, முகங்களுக்கு ஒன்று, போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் 1/50 நொடி, நொடிக்கு 25 பிரேம். 1/60 வைத்தால் சில விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை ஓடும். நேரலை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் படத்தின் அளவை 720பி, அனுப்பும் வேகத்தை 3 எம்பிபிஎஸ் என வைத்துத் தொடங்குங்கள். உதடு முந்திக் குரல் பிந்தினால் படத்துக்குத் தாமதம் கொடுத்துச் சரிசெய்யலாம்.

கரண்ட் போனால் லேப்டாப் தாங்கும். ரவுட்டருக்கும் மிக்சருக்கும் யூபிஎஸ் வையுங்கள்.