நாய்களோடு ராக்கி மலைக்கு: வரைபடத்தில் பாதியை அடித்துவிடுங்கள்

கேள்வி: நானும் கணவரும் கனடாவில், மிசிசாகாவில் இருக்கிறோம். இருவரும் ஓய்வு பெற்றாயிற்று. வரும் ஜூலையில் ஒரு மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதியோடு வீடு போல இருக்கும் வண்டி) வாடகைக்கு எடுத்து, நான்கு வாரம் ராக்கி மலைப் பக்கம் சுற்றிவர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பான்ஃப், ஜாஸ்பர் பார்த்துவிட்டு, அப்படியே தெற்கே இறங்கி அமெரிக்காவின் கிளேசியர், யெல்லோஸ்டோன் வழியாக வீடு திரும்புவதாகத் திட்டம். எங்களிடம் இரண்டு நாய்கள். மணி, 11 வயது லாப்ரடார், இடுப்பில் வாதம். பப்பு, 3 வயது பீகிள்; மூக்கு இழுக்கும் திசையில் ஓடுகிறவன். "வண்டியில் ஏசி இருக்கிறது, நாம் சுற்றிப் பார்க்கும்போது அதுங்க உள்ளே தூங்கட்டும்" என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. மகளோ, இரண்டையும் போர்டிங்கில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறாள். யார் சொல்வது சரி?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. ஆனால் அதற்காக நாய்களை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. விட வேண்டியது, உங்கள் கணவர் போட்டிருக்கும் வழியில் தெற்குப் பாதியை.

முதலில் அந்த ஏசி விஷயத்தை முடித்துவிடுவோம். மோட்டார்ஹோமின் கூரையில் இருக்கும் ஏசி, வண்டியைக் கேம்ப்கிரவுண்டின் மின் இணைப்பில் செருகினால் ஓடும். இல்லாவிட்டால் ஜெனரேட்டர் போட வேண்டும். மலையேறும் பாதைகளின் வாசலில் இருக்கும் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் எதுவும் இருக்காது. ஜெனரேட்டரை நம்பி நாய்களைப் பூட்டிவிட்டு நீங்கள் இரண்டு மணி நேரம் நடக்கப் போனால், அது நடுவில் நின்றுபோனது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பக்கத்தில் பல இடங்களில் போன் சிக்னலும் கிடையாது. மலைதானே, குளிராகத்தானே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஜூலை மதியங்களில் ஜாஸ்பரில் 25 டிகிரி தாண்டுவது சாதாரணம். வெளியே 24 டிகிரி இருக்கும்போதே வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி கூடிவிடும். மோட்டார்ஹோம் பெரியது என்பதால் சற்று மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதான். வயதான லாப்ரடாருக்கு அது போதும்.

ஆக, நாய்கள் எங்கே இறங்கி உங்களோடு நடக்க முடியுமோ அதுதான் உங்கள் பயணம். இந்தக் கணக்கில் பார்த்தால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு வேறு உலகங்கள். கனடாவின் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலான பாதைகளில் நாய் வரலாம். எந்நேரமும் கயிற்றில் இருக்க வேண்டும், அதுதான் சட்டம். விலக்குகள் உண்டு: யோஹோ பூங்காவின் லேக் ஓஹாராவுக்கு நாய் கூடாது, ஜாஸ்பரில் கரிபூ மான்கள் வாழும் உயரமான சில பகுதிகளில் கூடாது. அமெரிக்காவின் கிளேசியர் பூங்காவிலோ மலையேறும் பாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை. யெல்லோஸ்டோனில் நடைபாதைகளிலும், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் போட்டிருக்கும் பலகைப் பாதைகளிலும் கூடாது. சாலையிலிருந்து 100 அடிக்குள் நிற்க வேண்டும். அதாவது பீறிட்டு அடிக்கும் வெந்நீர் ஊற்றைப் பார்க்க நீங்கள் போகும் ஒவ்வொரு முறையும் மணியும் பப்புவும் வண்டிக்குள்தான்.

வண்டிக்கும் அங்கே சிக்கல் உண்டு. கிளேசியர் பூங்காவின் பெயர்பெற்ற கோயிங்-டு-தி-சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டி போகக்கூடாது. இரண்டு பேரும் இரண்டு நாய்களும் படுக்கிற மாதிரி நீங்கள் எடுக்கப்போவது 24, 25 அடியாவது இருக்கும். எதைப் பார்க்க அவ்வளவு தூரம் இறங்கிப் போனீர்களோ, அந்தச் சாலையிலேயே ஏற முடியாது. கணவரிடம் இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிப் பாருங்கள். நாய் பற்றிய வாதத்துக்கு மசியாதவர்கள்கூட வண்டியின் நீளத்துக்கு மசிவார்கள்.

அடுத்தது மாதம். நீங்கள் இருவரும் ஓய்வு பெற்றவர்கள், பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. பிறகு ஏன் ஜூலை? செப்டம்பர் முதல் வாரத்து லேபர் டே விடுமுறை முடிந்ததும் கூட்டம் குறையும், வெயில் தணியும். ஜூலை, ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வந்தால் மலையே கண்ணுக்குத் தெரியாது. 2024 ஜூலையில் ஜாஸ்பர் ஊரின் மூன்றில் ஒரு பங்கு கட்டடங்கள் தீயில் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். செப்டம்பர் பிற்பாதியில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகும். ஊசியிலை மரம்தான், ஆனால் இலை பழுத்து உதிரும் ரகம். அதைப் பார்ப்பதற்கென்றே அங்கே போகிறவர்கள் இருக்கிறார்கள். இரவில் உறைநிலைக்குக் கீழே போகும், ஒன்றிரண்டு நாள் பனியும் விழலாம். படுக்கும் முன் வண்டிக்குத் தண்ணீர் இணைக்கும் குழாயைக் கழற்றி உள்ளே வையுங்கள்.

செப்டம்பரில் ஒரே ஒரு ஜாக்கிரதை: எல்க் மான்களின் இணைசேரும் காலம் அது. ஆண் எல்க் அப்போது மனிதர், நாய், கார் எதையும் பார்க்காமல் முட்ட வரும். பான்ஃப், ஜாஸ்பர் ஊர்களுக்குள்ளேயே, கேம்ப்கிரவுண்டுக்குள்ளேயே திரியும். மான் வகைகளுக்கு 30 மீட்டர், கரடி, ஓநாய், மலைச்சிங்கத்துக்கு 100 மீட்டர் விலகி நிற்கச் சொல்கிறது பூங்கா நிர்வாகம். எல்க் விஷயத்தில் 30 மீட்டர் எனக்குப் போதாது. நாய் கையில் இருந்தால் இன்னும் பின்வாங்குங்கள். எல்க்கின் கண்ணுக்கு நாயும் ஓநாயும் ஒன்றுதான்.

இனி வழி. டொரண்டோவிலிருந்து மலைக்குப் பக்கத்து நகரமான கால்கரி சுமார் 3,400 கிலோமீட்டர். ஒன்டாரியோவைத் தாண்டவே இரண்டு நாள் ஆகும். மோட்டார்ஹோமை மிசிசாகாவில் எடுத்துப் போய்வந்தால் 100 கிலோமீட்டருக்கு 20, 22 லிட்டர் குடிக்கும். சமவெளியைக் கடந்து திரும்புவதற்கு மட்டும் 1,500 லிட்டர் பக்கம் வந்துவிடும். வாடகை நிறுவனங்கள் பலவும் கிலோமீட்டருக்கும் காசு வாங்குகின்றன. சொந்தக் காரில் நாய்களோடு ஐந்து நாளில் நிதானமாகக் கால்கரி போய், அங்கே மோட்டார்ஹோம் எடுப்பதுதான் என் யோசனை. வழியில் நாய் தங்கக்கூடிய மோட்டல்கள் தாராளமாக உண்டு. காரை விட்டுவைக்க இடம் தருவார்களா, நாய்க்கு என்ன கட்டணம் என்று வாடகைக்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மணியை விமானத்தின் சரக்கு அறையில் அனுப்பும் யோசனை யாருக்காவது வந்தால், அந்த வயதுக்கு வேண்டாம்.

போக ஐந்து, வர ஐந்து போனால் மலையில் 18 நாள் கிடைக்கும். அதை நான்கு இடங்களுக்கு மேல் பங்கு போடாதீர்கள். கேன்மோர், பான்ஃப் பக்கம் ஐந்தாறு நாள். கேன்மோர் தேசியப் பூங்காவுக்கு வெளியே இருக்கிற ஊர். அங்கே குவாரி ஏரிப் பக்கம் நாயைக் கயிறில்லாமல் விடுகிற பூங்கா இருக்கிறது, கால்நடை மருத்துவர்களும் இருக்கிறார்கள். பப்புவின் கால்களுக்கு அதுதான் சொர்க்கம். பிறகு லேக் லூயிஸ். அங்கிருந்து மொரெய்ன் ஏரிக்குப் போகும் சாலையில் 2023 முதல் சொந்த வண்டிகளுக்கு இடமில்லை, பஸ்ஸில்தான் போக வேண்டும். அன்று மட்டும் முறை வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் காலை பஸ்ஸில் போய்வரட்டும், மற்றவர் நாய்களோடு போ (Bow) ஆற்றங்கரையில் நடக்கட்டும், அடுத்த நாள் மாற்றி. பான்ஃப் கோண்டோலாவுக்கும் (மலை உச்சிக்குப் போகும் கேபிள் கார்) இதே ஏற்பாடுதான், அதில் நாய் ஏற முடியாது. தம்பதியாகச் சேர்ந்து பார்க்க முடியவில்லையே என்று வருத்தம் வரலாம். இத்தனை வருடம் சேர்ந்து இருந்தவர்களுக்கு அரை நாள் தனியாகக் கிடைப்பதும் மோசமில்லை.

லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பருக்கு ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே, சுமார் 230 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் ஓட்டிவிடலாம். மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள். போ ஏரிக்கரை, பேட்டோ ஏரியைப் பார்க்கும் மேடு, சன்வாப்டா அருவி, அதபாஸ்கா அருவி என்று எல்லாமே வண்டியிலிருந்து கொஞ்ச தூரம்தான், மணியின் இடுப்புக்கு ஏற்ற நடை. நடுவில் சஸ்காச்செவன் கிராஸிங்கில் மட்டும்தான் பெட்ரோல் கிடைக்கும். லேக் லூயிஸிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். ஓரத்துச் சிறு கேம்ப்கிரவுண்டுகளில் மின் இணைப்பு கிடையாது. செப்டம்பரில் அது ஒரு குறையாகத் தெரியாது.

மலை இறக்கம் பற்றிக் கணவரிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுங்கள். இறக்கம் தொடங்கிய பிறகு பிரேக்கில் காலை வைத்தே இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். இறங்கத் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி வர வேண்டும். வாடகை மோட்டார்ஹோம்களில் பெரும்பாலும் இதற்கென்று டோ-ஹால் பட்டன் இருக்கும். லேக் லூயிஸுக்கு மேற்கே, கிக்கிங் ஹார்ஸ் கணவாயிலிருந்து ஃபீல்ட் ஊருக்கு இறங்கும் மலையில் 1880களில் ரயில்பாதையை 4.5 சதவீதச் சரிவில் போட்டார்கள். ரயில்கள் கட்டுமீறி ஓடின, உயிர்கள் போயின. கடைசியில் 1909-ல் மலைக்குள் சுருள் சுருளாகச் சுரங்கம் குடைந்து சரிவைப் பாதியாகக் குறைத்தார்கள். சாலையோரத்தில் நின்று அதைப் பார்க்கலாம். உங்கள் கணவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், பிரேக் பாடமும் கூடவே நடந்துவிடும்.

வண்டி ஓடும்போது நாய்கள் எங்கே? படுக்கையில் இல்லை, மேல்பரணில் நிச்சயமாக இல்லை. சீட் பெல்ட்டில் மாட்டும் ஹார்னஸ், அல்லது நகராமல் கட்டிய கூண்டு. மோட்டார்ஹோம் ஓடும்போது உள்ளே ஒரு பாத்திரக்கடையே உருளுகிற மாதிரி சத்தம் கேட்கும். பல நாய்கள் முதல் நாளிலேயே அதற்கு மிரண்டுவிடுகின்றன. தட்டுகளுக்கு நடுவே துணி வையுங்கள். அதைவிட நல்லது, வசந்த காலத்திலேயே ஒன்டாரியோவில் ஒரு வார இறுதிக்குச் சின்ன வண்டி ஒன்றை எடுத்து, இரண்டும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிடுவது. மணிக்கு அந்த உயரமான படிகள் முடியாது, மடக்குச் சாய்தளம் ஒன்று வாங்குங்கள். வளைவுச் சாலை நாட்களில் சாப்பாட்டைக் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

பப்புவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கயிறில்லாத நாய் புதருக்குள் ஓடிக் கரடியைக் கிளப்பிவிட்டு, நேராக உங்களிடமே ஓடிவரும், கரடியையும் கூட்டிக்கொண்டு. நீளும் கயிறு வேண்டாம், இரண்டு மீட்டர் சாதாரணக் கயிறு போதும். கரடி ஸ்ப்ரேயைக் கால்கரியில் வாங்கி இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள், பைக்குள் வைத்தால் உதவாது. முள்ளம்பன்றியை மோந்துபார்த்து மூக்கில் முள் ஏற்றிக்கொண்டு வந்தால் வெட்டவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் எடுக்கட்டும். நாய்ச் சோறும், கழுவாத வெறும் தட்டும்கூட வெளியே கிடக்கக்கூடாது, கரடிக்கு அது அழைப்பு; பூங்கா ஊழியர் பார்த்தால் அபராதம் உண்டு. இரவு 11 முதல் காலை 7 வரை அமைதி நேரம், பீகிளின் ஊளைக்கும் அது பொருந்தும்.

மகள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பயிற்சி வார இறுதியில் மணி வண்டியில் ஏறவே மறுத்தால், மூச்சிரைத்துத் தூங்காமல் கிடந்தால், அவனை வற்புறுத்த வேண்டாம். அப்போது போர்டிங்கைவிட, மகள் வீட்டிலேயே அவன் நான்கு வாரம் இருக்கலாமா என்று அவளிடம் கேளுங்கள். யோசனை சொன்னவள் அவள்தானே.

முடிவை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பார்க்ஸ் கனடா முன்பதிவு ஆண்டின் தொடக்கத்திலேயே, பூங்காவுக்கு ஒரு தேதியாகத் திறக்கும். பான்ஃபில் டனல் மவுன்டன், ஜாஸ்பரில் விஸ்லர்ஸ், இரண்டிலும் மின் இணைப்புள்ள இடங்கள் உண்டு. முதலில் காலியாவதும் அவைதான். அன்று காலை கணினி முன்னால் கணவரை உட்கார வையுங்கள்.